உகப்பாக்கம்: உச்சப்படுத்தல் ஏன் தவறு?

'வார்ப்பட உற்பத்தி அட்டவணையை உச்சப்படுத்தும் மென்பொருள்' என்று விளம்பரம் செய்கிறார்கள். இருக்கும் வழிகளில் மிகச் சிறந்ததைத் தேடும் ஆப்டிமைசேஷனுக்கு, உகப்பாக்கம் என்று எழுதாமல் உச்சப்படுத்தல் என்று எழுதும் இந்தப் பழக்கம் பரவிக்கொண்டே போகிறது. இது வெறும் நடைப் பிழை அல்ல, பொருளையே மாற்றிவிடும் பிழை.

அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீனின் ஆப்டிமுஸ்: மிகச் சிறந்தது. மிகப் பெரியது என்பதற்கு அங்கே மாக்சிமுஸ் என்று தனிச்சொல் உண்டு. உச்சம் அதற்குத்தான் பொருந்தும்.

கோவைப் பக்கத்துப் பவுண்டரிகளில் (வார்ப்பாலைகளில்) எஸ்.ஜி. அயர்ன், அதாவது உள்ளே கிராபைட் உருண்டை உருண்டையாக அமையும் வார்ப்பிரும்பு, வார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். உருகிய இரும்பில் மெக்னீசியம் சேர்த்த பிறகு அதன் பலன் மளமளவென்று குறையும். சுமார் 10, 15 நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். தாமதித்தால் கிராபைட் சரியாக உருண்டை பிடிக்காது, வார்ப்பு ஸ்கிராப்புக்குப் போகும். சரி, பர்னஸை (உலையை) உச்சத்தில் ஓட்டுகிறோம் என்று வையுங்கள். உலோகம் தயார், அதை ஊற்றும் மோல்டு (அச்சு) தயாரில்லை. சூடு ஆறாமல் வைத்திருக்கவே கரன்ட் செலவாகும். மோல்டிங்கை உச்சத்தில் ஓட்டினால் மோல்டுகள் உலோகத்துக்குக் காத்துக் கிடக்கும். எந்த கிரேடை (இரும்பு ரகத்தை) எந்த ஹீட்டில் (உருக்கும் தடவையில்), எதற்கு அடுத்து உருக்கினால் மின்சாரமும் ஸ்கிராப்பும் குறைந்து ஆர்டரும் தவணைக்குள் போகும் என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை. இதில் பாதிக்குமேல் எதையாவது குறைக்கும் வேலைதான். மின்செலவைக் குறைப்பதற்கு உச்சப்படுத்தல் என்று பெயர் வைக்கலாமா?

'மேம்படுத்தல்' என்பாரும் உண்டு. பழைய பர்னஸுக்குப் புது லைனிங் போட்டாலும் மேம்படுத்தல்தான். இருக்கும் வழிகளில் எது மிகச் சிறந்தது என்ற தேடல் அந்தச் சொல்லில் இல்லை.

உகப்பாக்கத்தில் அது இருக்கிறது. உகத்தல் என்றால் விரும்புதல், மகிழ்தல். அதிலிருந்து வந்த 'உகந்த' என்பதற்கு ஏற்ற, பொருத்தமான என்ற பொருள் எப்போதோ நிலைத்துவிட்டது. அம்மனுக்கு உகந்த மாதம் ஆடி என்று எல்லோரும் சொல்கிறோம். கூட்டுவதானாலும் குறைப்பதானாலும் சூழலுக்கு மிகவும் ஏற்றதைத் தேடுவதற்கு இந்த வேர் கச்சிதமாகப் பொருந்துகிறது. பழைய மணம் வீசுகிறது என்று இதை ஒதுக்குகிறவர்களின் வாதம் எனக்கு விளங்கவில்லை.

அப்புறம், ஷெட்யூலிங்கைத் 'திட்டமிடல்' என்று எழுதுவதையும் மொழிபெயர்ப்பாளர்கள் விட வேண்டும். பவுண்டரிக்காரர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டால் போதும். இந்த மாதம் எத்தனை டன் என்பது திட்டம். செவ்வாய்க்கிழமை மூன்றாவது ஹீட்டில் எந்த கிரேடு என்பது ஷெட்யூல். அதற்கு 'வேலை வரிசையிடல்' என்று எழுதினால் ஷாப் ஃப்ளோரில் நிற்பவருக்கும் புரியும்.