எட்டு மணி நேர ‘ரிலாக்ஸ்’ பாட்டு

போன வாரம் ஒருவர் மனைவியோடு வந்தார். உட்காரும் முன்பே போனை என் மேசைமேல் வைத்து, “மூணு மாசமா ராத்திரி பூரா இதைத்தான் கேக்கறேன் டாக்டர். விடிஞ்சா தூங்கின மாதிரியே இல்லை” என்றார். திரையில் ஒரு நிலா, ஒரு மலை, ‘432 ஹெர்ட்ஸ், ஆழ்ந்த உறக்கம், 8 மணி நேரம்’. இடது காதுத் துளையின் ஓரம் சிவந்து தோல் உரிந்திருந்தது. இயர்போனோடு புரண்டு புரண்டு படுத்த காது. இந்த மாதத்தில் இப்படி வருபவர்களில் இவர் நான்காவது ஆள். பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 432. மேற்கத்திய வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்க ‘ஏ’ என்ற ஸ்வரத்தை ஆதாரமாக வைப்பார்கள். அது வினாடிக்கு 440 அதிர்வு என்று 1939-இல் லண்டனில் கூடிப் பேசி ஒப்புக்கொண்டார்கள்; 1955-இல் ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பின் பரிந்துரையாகவும் ஆனது. அதற்கு முன்னால் ஊருக்கு ஒரு சுருதி. இன்றைக்கும் 442, 443 என்று ஏற்றி வைத்து வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராக்கள் உண்டு. 432 என்பது அந்த ‘ஏ’-வைக் கொஞ்சம் இறக்கி வைத்தது, அவ்வளவுதான். 440-க்கும் 432-க்கும் உள்ள தூரம், ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் இதைவிட அதிகமாக இறக்கிப் பாடுவார்.

இந்த 432-ஐப் ‘பிரபஞ்சத்தின் அதிர்வு’ என்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவே ஆறாது. ஹெர்ட்ஸ் என்பது ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. வினாடி நாமாக வகுத்துக்கொண்ட அளவு. அதைக் கொஞ்சம் நீட்டி வகுத்திருந்தால் இதே ஒலிக்கு வேறு எண் வந்திருக்கும். நம் கடிகாரத்தைப் பார்த்தா பிரபஞ்சம் அதிர்கிறது? இவ்வளவும் சொன்ன பிறகு, இதே மாதிரி பேசப்படும் இன்னொரு எண்ணைப் பிடித்துக்கொண்டு, “அப்ப 528 டாக்டர்?” என்கிறார்கள். அதுவும் அப்படித்தான்.

சரி, எதற்குத்தான் உடம்பு இறங்கிவருகிறது? காலப்பிரமாணத்துக்கு, அதாவது பாட்டின் வேகத்துக்கு. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்டியும் சகாக்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேருக்கு ஆறு வகை இசையைப் போட்டுக் காட்டினார்கள். ராகமும் இருந்தது, ராப்பும் டெக்னோவும் இருந்தன. வேகம் கூடக்கூட மூச்சும் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடின. எந்த வகை இசை, பிடித்ததா பிடிக்காததா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்திப் பார்த்தார்கள். அந்த மௌனத்தில்தான் எல்லாம் தொடங்கிய அளவைவிடக் கீழே போயின. எட்டு மணி நேரம் ஓடும் பாட்டில் அந்த இரண்டு நிமிடம் எங்கே இருக்கிறது?

அதற்காக மெட்டல் என்ற அதிரடி ராக் இசை கேட்கிற பிள்ளையை என்னிடம் இழுத்துக்கொண்டு வராதீர்கள். 2015-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், அந்த இசையில் ஊறிய 39 பேருக்கு முதலில் கோபமூட்டினார்கள். பிறகு பாதிப் பேர் தாங்களே தேர்ந்தெடுத்த மெட்டல் கேட்டார்கள், மீதிப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எரிச்சலும் மன அழுத்தமும் இரு பக்கமும் ஒன்றுபோலத்தான் தணிந்தன. ஆனால் மெட்டல் கேட்டவர்களின் இதயத்துடிப்பு ஏறிய இடத்திலேயே நின்றது. அதனால் நான் சொல்வது இதுதான்: சாயங்காலம் கேட்கட்டும், படுக்கையில் வேண்டாம்.

ஒரு தப்பை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘வரிகள் இல்லாத வாத்திய இசை கேளுங்கள்’ என்று பல வருஷம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்து ஸ்கல்லின் குழு 2021-இல் வேறு மாதிரிச் சொன்னது. தெரிந்த பாட்டை வாத்தியத்தில் மட்டும் கேட்டவர்களுக்குத்தான் அது மண்டைக்குள் அதிகம் ஓடிக்கொண்டே இருந்தது, தூக்கமும் கெட்டது. விட்டுப்போன வரிகளை மனசு நிரப்பப் பார்க்கிறது போலும். இப்போது நான் அப்படிச் சொல்வதில்லை. உங்களுக்கு ஒட்டிக்கொள்ளாத, மெதுவான ஏதோ ஒன்று, படுக்கப் போகும் முன் அரை மணி நேரம். டைமர் வையுங்கள். பாட்டு நிற்கட்டும்.

இயர்போனோடு தூங்காதீர்கள். அறையின் மறுகோடியில் சின்ன ஸ்பீக்கர் போதும். சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 என்றால் வெறும் 4 மணி நேரம். மெதுவான இசை கேட்டால் சிலருக்குப் படபடப்பு ஏறும். தயவுசெய்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்காதீர்கள். நிறுத்திவிடுங்கள், அதில் உங்கள் குறை எதுவும் இல்லை. ஏற்கனவே எடுத்துவரும் மாத்திரையைப் பாட்டை நம்பி நீங்களாக விட்டுவிடாதீர்கள். வாரத்தில் மூன்று ராத்திரி, மூன்று மாதம் தூக்கம் கெட்டிருந்தால் அடுத்த பிளேலிஸ்ட்டைத் தேடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் சொன்னவரிடம் வேறு இரண்டு கேள்வி கேட்டேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி முந்திக்கொண்டார்: “குறட்டை வீட்டையே தூக்கும் டாக்டர். நடுவுல திடீர்னு நின்னுடும், மூச்சே இருக்காது. அப்புறம் திணறி எழுந்திருப்பார். எனக்குப் பயமா இருக்கும்.” அவருக்கு இது புதுச் செய்தி. காதில்தான் ராத்திரி பூரா 432 ஓடிக்கொண்டிருந்ததே. அடுத்த வாரம் தூக்கப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், இயர்போனை வீட்டில் வைத்துவிட்டு.