எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் முழங்கால் போய்விட்டது

போன கிழமை விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். வயது 19. மூன்று மாதத்துக்கு முன் கரப்பந்தாட்டத்தில் எழும்பி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கியிருக்கிறான். முழங்காலுக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அன்றிரவே கால் வீங்கிவிட்டது. அடுத்தநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு இல்லை. இரண்டு கிழமையில் வீக்கம் வற்ற, மறுபடியும் மைதானம். போன மாதம் சும்மா திரும்பியவனுக்கு முழங்கால் தானாக மடிந்து விழுத்திவிட்டது. இப்போது உள்ளே எலும்புகளுக்கிடையில் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் சவ்வும் கிழிந்திருக்கிறது. இதே கதையோடு இந்த வருடம் என்னிடம் வந்த ஐந்தாவது பிள்ளை இவன்.

“எக்ஸ்ரேயில ஒண்டுமில்லை எண்டவை, மிஸ்.” இந்த வசனத்தைக் கேட்டால்தான் எனக்குப் பொறுமை போகிறது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் ஏ.சி.எல் நார் அதில் தெரியாது. முழுதாக அறுந்து கிடந்தாலும் தெரியாது. வேலியில் கதியால் எல்லாம் நேராக நிற்கிறது, கட்டின கம்பி அறுந்துபோயிருக்கிறது என்று வையுங்கள். கதியாலை மட்டும் காட்டுகிற படத்தைப் பார்த்து வேலி நல்லாயிருக்கிறது என்று சொல்வீர்களா? எலும்பு முறியவில்லை, அவ்வளவுதான் அந்தப் படம் சொல்வது. நாரைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. அதைக் கையால் அசைத்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும், தேவையென்றால் எம்.ஆர்.ஐ. அதுவும் முதல் நாள் வலியில் தசை இறுகி நிற்கும், பரிசோதனை சரிவராது. அதற்காகத்தான் பத்து நாளில் திரும்பக் காட்டச் சொல்கிறோம். வருகிறவர்கள் குறைவு.

வீக்கம் வற்றினால் சுகம் வந்துவிட்டது என்று இல்லை. உள்ளே கசிந்த இரத்தம் வற்றியிருக்கிறது, நார் அறுந்தபடியேதான் இருக்கிறது. நேராக நடக்க அந்த நார் பெரிதாகத் தேவைப்படாது. அதனால்தான் “நல்லா நடக்கிறன் மிஸ்” என்கிறார்கள். சட்டென்று திரும்பும்போதும் பாய்ந்து இறங்கும்போதும்தான் அதற்கு வேலை.

சுவிசிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு தங்கச்சிக்கும் இதே நார்தான் அறுந்தது. பனிச்சறுக்கில் பாய்ந்து, சரிவைத் தாண்டிச் சமதரையில் இறங்கிவிட்டாளாம். சரிவில் இறங்கினால் விழுகிற வேகத்தில் பெரும்பகுதி சறுக்கலாகப் போய்விடும். சமதரையில் அத்தனையையும் முழங்கால்தான் வாங்கும். ஒலிம்பிக்கில் ஏரியல்ஸ் (பனிச்சறுக்கில் உயரப் பாய்ந்து குட்டிக்கரணம் அடிக்கும் போட்டி) பாய்கிறவர்கள் செங்குத்தான சரிவில்தான் இறங்குவார்கள். அந்தப் பனியையும் முதலே கொத்தி இளக்கிவிடுவார்கள். புது வித்தை என்றால் முதலில் தடாகத்துத் தண்ணீருக்குள் பாய்ந்து பழகுவார்கள். பாய்வதற்கு முன்பே இறங்குவதைப் பற்றி யோசிக்கிறார்கள். அந்தத் தங்கச்சிக்குச் சத்திரசிகிச்சை முடிந்து ஐந்து மாதம். 9 மாதத்துக்கு முன் சறுக்கக்கூடாது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள், அவளும் கேட்கிறாள்.

எங்கள் பிள்ளைகள் இறங்குவது வெயிலில் காய்ந்து கல்லாய்க் கிடக்கும் நிலத்தில். எழும்பி அடிக்கப் பழக்க ஆளிருக்கிறது, இறங்கப் பழக்க யாருமில்லை.

பழக்குவது பெரிய வேலையும் இல்லை. இரண்டு காலிலும் இறங்க வேண்டும். முன்பாதம் முதலில், பிறகு குதிக்கால். முழங்கால் மடிய வேண்டும், இடுப்பு கதிரையில் இருக்கப் போவதுபோலப் பின்னால் போக வேண்டும். முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாயக்கூடாது, இதுதான் நாரை அறுக்கிற நிலை. இறங்கும் சத்தம் கேட்காமல் இறங்கச் சொல்லுங்கள், பாதி தானாகவே திருந்தும். ஒரு படியிலிருந்து குதிக்கவிட்டு, முன்னாலிருந்து போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் பிள்ளைக்கே விளங்கிவிடும்.

வலைப்பந்தாட்டம் பழக்கும் ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் ஆண் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும். பந்தைப் பிடித்த உடனே நிற்கவேண்டிய விளையாட்டு அது, முழங்காலுக்குப் பொல்லாதது. பயிற்சிக்கு முன் பதினைந்து நிமிடம், கிழமைக்கு இரண்டு மூன்று நாள், இறங்குவதையும் தொடைத் தசையையும் பழக்கினால் பெண் பிள்ளைகளில் இந்தக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. தயவுசெய்து அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுங்கள்.

காயம் பட்டுவிட்டதா? ஆட்டத்தை அந்த இடத்திலேயே விடுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், பன்டேஜ், காலை உயர்த்தி வையுங்கள். எண்ணெய் பூசி உருவவேண்டாம், சூட்டு ஒத்தடம் வேண்டாம், யாரையும் இழுத்துப் பார்க்க விடவேண்டாம். சத்தம் கேட்டு, சில மணித்தியாலத்துக்குள் வீங்கினால் நார் அறுந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வாருங்கள். எக்ஸ்ரே நல்லதென்றாலும் வாருங்கள்.

அப்புறம், பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறது. நீளம் பாய்தல் கிடங்கு மழைக்கு இறுகிக் கிடக்கும். மேலே புது மணலைத் தூவி மறைக்காதீர்கள். ஒரு அடி ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்துங்கள், கல்லும் வேரும் பொறுக்குங்கள். போட்டி முடியும்வரை மண்வெட்டி கிடங்கடியிலேயே இருக்கட்டும், மணல் இறுகினால் உடனே திரும்பக் கொத்தலாம்.