சோனிங்: நிலப்பயன் பகுப்பு

அமெரிக்காவில் வீடு வாங்கக் கிளம்பும் எவர் காதிலும் சீக்கிரமே விழும் சொல் சோனிங். ஊரின் நிலத்தைப் பகுதிகளாக, அதாவது சோன்களாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று விதி போடுவதுதான் அது. மனையில் எத்தனை மாடி எழுப்பலாம், எல்லையிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும், பக்கத்து மனையில் நாளைக்கு ஒரு பெட்ரோல் பங்க் வந்துவிடுமா என்று கேட்டால், அது எந்த சோனில் இருக்கிறது என்று பார்த்துத்தான் பதில் சொல்வார்கள்.

கிரேக்கத்தில் 'சோனே' என்றால் இடுப்புக் கச்சை. பூமியைச் சுற்றிய வெப்பப் பகுதிக்கும் குளிர்ப் பகுதிகளுக்கும் அந்தப் பெயர் வந்தது. அப்புறம் எந்தப் பகுதிக்கும் பொதுச் சொல்லாகிவிட்டது. நகர நிலத்தை இப்படிப் பகுத்து விதி போடுவதில் ஜெர்மனி முன்னோடி. ஃபிராங்ஃபர்ட் 1891-இல் செய்தது. நியூயார்க் 1916-இல் நகரம் முழுவதற்கும் விதி வகுத்தது. ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊரின் விதி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-இல் தீர்ப்பளித்தது. வீடு, கடை, ஆலை மூன்றையும் தனித்தனியே பிரிக்கும் முறைக்கு யூக்ளிடிய சோனிங் என்று பெயர் வந்தது இந்த ஊரால். வடிவியல் மேதை யூக்ளிடுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் நில அளவையாளர்கள் அந்த ஊருக்குப் பெயர் வைத்ததே அவர் நினைவாக!

தனி வீடுகள் உள்ள பகுதியில் அடுக்குமாடிக் கட்டடம் ஓர் ஒட்டுண்ணி என்று அதே தீர்ப்பு எழுதியது. வெறும் கட்டட விதி என்று இதைக் கடந்துவிட முடியாததற்கு அந்த ஒரு சொல் போதும். பால்டிமோர் நகரம் 1910-இல் மக்களின் தோல் நிறத்தின் அடிப்படையிலேயே தெருக்களைப் பிரித்துச் சட்டம் போட்டது. அத்தகைய சட்டங்கள் செல்லாது என்று 1917-இல் தீர்ப்பு வந்தபின், 'பெரிய மனை, தனி வீடு மட்டும்' என்ற விதிகள் பல ஊர்களில் வசதி குறைந்தவர்களை வெளியே நிறுத்தின.

நகர எல்லைக்கு வெளியே இந்த அதிகாரம் பெரும்பாலும் கவுன்டியிடம் இருக்கிறது. கவுன்டியை மாவட்டம் என்கிறோம், சரி. ஆனால் அங்கே கலெக்டர் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே விதி எழுதும். வாஷிங்டனை ஒட்டிய மான்ட்கோமரி கவுன்டி 1973-இல் ஒரு விதி கொண்டுவந்தது: சாலையும் பள்ளியும் தாங்காத இடத்தில் புது மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கிடையாது. மறு ஆண்டே, பெரிய குடியிருப்புத் திட்டங்களில் ஒரு பங்கு வீடுகளை நடுத்தர வருமானத்தினருக்குக் கட்டுப்படியாகும் விலையில் தர வேண்டும் என்றது. 1980-இல் சுமார் 93,000 ஏக்கரை வேளாண் காப்பு நிலமாக ஒதுக்கியது. அங்கே 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான். அதற்கு முன் 5 ஏக்கருக்கு ஒன்று கட்டலாம். இழப்பை ஈடுகட்ட ஒரு வழி செய்தார்கள்: விவசாயி தன் கட்டும் உரிமையை 5 ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில் விற்கலாம், அதை வாங்கும் கட்டுமான நிறுவனம், கவுன்டி குறித்துக் கொடுத்த வேறு இடத்தில் கூடுதல் வீடுகள் கட்டும். நிலம் விவசாயியிடமே இருக்கும்.

இனி தமிழ். சோனுக்கு தமிழ்நாட்டில் மண்டலம், இலங்கையில் வலயம். ஒன்று வட்டம், மற்றது வளை. இரண்டும் வடமொழி வழி வந்தவை, கச்சைக்கு நல்ல ஜோடிகள். ஆனால் இடத்தின் பெயருக்குத்தான் இவை பொருந்தும். சோனிங் ஒரு செயல். 'மண்டலப்படுத்தல்' என்றால் எதை, எதற்காக என்று புரியாது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அறிவிப்புகளில் 'நில உபயோக மாற்றம்' என்று பார்த்திருப்போம். பாதி வழியை அது காட்டிவிட்டது. உபயோகத்தைப் பயன் ஆக்கினால் சோனிங் 'நிலப்பயன் பகுப்பு', அதை மாற்றும் ரீசோனிங் 'நிலப்பயன் மாற்றம்'. கூடுதல் வீடுகளுக்கு இடம்விடும் அப்சோனிங்குக்கு 'அடர்த்தி உயர்த்தல்' என்பேன். மேல்மண்டலம் என்று எழுதினால் வானிலை அறிக்கை ஆகிவிடும்.