வீட்டுக்குள் வெப்பம் போகும் பாதை

மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொன்னால் நாம் முதலில் அணைப்பது விளக்கைத்தான். நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 30 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 3.5 யூனிட் மின்சாரம் வேண்டும். அதே மின்சாரத்தில் 10 வாட்ஸ் எல்இடி பல்பு ஒன்றை 350 மணி நேரம், அதாவது இரவும் பகலுமாக இரண்டு வாரத்துக்கும் மேல் எரிக்கலாம். சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் மின்சாரத்தைத் தின்கின்றன. அதனால் வீட்டைத் திருத்த நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது வெப்பத்தின் நடமாட்டத்தை.

வெப்பம் தானாகப் போவது ஒரே திசையில்தான்: சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு. இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வேகமாகப் போகும். வெளியே 36 டிகிரி, ஏ.சி.யில் 24 வைத்திருக்கிறீர்கள் என்றால் வித்தியாசம் 12. அதை 26 ஆக்கினால் 10. சுவர் வழியாகக் கடத்தப்படும் வெப்பத்தில் ஆறில் ஒரு பங்கு அங்கேயே குறைந்துவிடும். கூடவே ஒரு மின்விசிறியைச் சுற்றவிட்டால் 26 டிகிரியே சுகமாக இருக்கும். ஆனால் விசிறி குளிர்விப்பது நம் உடம்பைத்தான், அறையை அல்ல. ஆளில்லாத அறையில் சுற்றும் விசிறி, தன் மோட்டாரின் சூட்டை அறைக்குள் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

சரி, சுவரும் கூரையும் வெப்பத்தைக் கடத்தாமல் இருக்க என்ன வழி? அசையாத காற்றுதான். சாதாரணச் செங்கல், அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். சிக்கல் என்னவென்றால், காற்று சும்மா இருக்காது. சூடானால் மேலேறிப் போய் வெப்பத்தைத் தானே சுமந்து செல்லும். அதைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்துவைப்பதுதான் தெர்மாகோலும், மெல்லிய கண்ணாடி இழைகளால் ஆன கண்ணாடிக் கம்பளியும் செய்யும் வேலை. கண்ணாடிக் கம்பளியை நசுக்கினாலோ நனையவிட்டாலோ பலன் போய்விடுவதும் இதனால்தான். உள்ளே இருந்த காற்று வெளியேறிவிடுகிறது, அல்லது அந்த இடத்தில் நீர் புகுந்துவிடுகிறது.

ஜன்னல் வேறு கதை. உச்சி வெயில் நேராக விழும்போது ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட்ஸ் ஆற்றல் இறங்குகிறது. சாதாரணக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். உட்பக்கம் அடர்நிறத் திரை போட்டால் வெளிச்சம் மறையும், ஆனால் வெயிலை உறிஞ்சிச் சூடாகும் திரை அறைக்குள்தானே தொங்குகிறது! கண்ணாடிக்கு வெளியே நிழல் தரும் தடுப்பு எதுவானாலும் அதைவிடப் பல மடங்கு மேல்.

இதையெல்லாம் செய்த பிறகும் கொஞ்சம் சூடாக்கவோ குளிர்விக்கவோ வேண்டியிருக்கும். அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கருவி வருகிறது: ஹீட் பம்ப். கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கீழே இருப்பதை மேலே ஏற்றித் தருகிறது. ஹீட் பம்ப் வெப்பத்தை அப்படித்தான், குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்கு ஏற்றுகிறது. மிகக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும் ஒரு பொருள் அதன் குழாய்களில் சுற்றுகிறது. புரொப்பேன் என்றால் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே நமக்குச் சில்லென்று இருக்கும் வெளிக்காற்றுகூட அதை ஆவியாக்கப் போதும். அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்தும்போது அது சூடாகிறது; அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. அப்புறம் அழுத்தம் குறைந்து குளிர்ந்து, பழையபடி வெப்பத்தை அள்ளக் கிளம்புகிறது. 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம் கிடைப்பது இங்கே சாதாரணம். மேலே சொன்ன 100 லிட்டருக்கு 1.2 யூனிட் போதும். இந்த யோசனையை கெல்வின் பிரபு 1852-லேயே முன்வைத்துவிட்டார். ஏற்ற வேண்டிய உயரம், அதாவது வெப்பநிலை வித்தியாசம் கூடக்கூட லாபம் குறையும். அதனால் தண்ணீரைத் தேவைக்கு மேல் சூடாக்காமல் இருப்பது நல்லது.

வெளிக்காற்று புகாமல் இருக்கக் கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைக்கும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். உள்ளே கேஸ் அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரிந்தால் காற்றோட்டம் இருந்தே ஆக வேண்டும். கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் உயிரைப் பறிக்கும்.

பழைய ஏ.சி.யைக் கழற்றும்போதும் ஒன்று கவனியுங்கள். பல ஏ.சி.களின் குழாய்களில் சுற்றும் ஆர்-410ஏ என்ற வாயு 1 கிலோ வெளியேறினால், நூறு ஆண்டுகளில் ஏற்படும் மொத்த விளைவைக் கணக்கிடும்போது, சுமார் 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்துவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.