காணி வாங்கிய பிறகு பிளான் கீற வராதீர்கள்

கடந்த மாதம் ஓர் இளம் ஆசிரியையும் அவருடைய கணவரும் என் அலுவலகத்துக்கு வந்து, புத்தம் புதிய காணி உறுதியொன்றை மேசைமீது வைத்து, "ரெண்டு ரூம் வச்சு ஒரு சின்ன வீடு கீறித் தாங்க சேர்" என்றார்கள். உறுதியை வாசித்த பிறகு எனக்குப் பென்சிலை எடுக்க மனம் வரவில்லை. அவர்கள் வாங்கியிருந்தது நான்கு பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ நூறு சதுர மீற்றர். அதுவும் எல்லை பிரிக்கப்படாத பங்கு. பாதையிலிருந்து படிக்கட்டால் மட்டுமே இறங்கக்கூடிய சரிவு. சீட்டுப் பணம், அடகு வைத்த நகை, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் தம்பி கொடுத்தது என்று பதினொரு ஆண்டுச் சேமிப்பு அதற்குள் போயிருந்தது. அந்த ஒரே மாதத்தில் இப்படி வந்தவர்களில் அவர்கள் நான்காவது குடும்பம் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஆளுகைக்குள் வரும் நகர்களில், வீடு கட்டுவதற்கான காணித் துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது. அது ஏறத்தாழ ஆறு பேர்ச்சஸ். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் இதற்கு மேலாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். பிரிக்கப்படாத பங்கை வைத்து வங்கியில் வீட்டுக் கடன் பெறுவது மிகக் கடினம். இவையெல்லாம் விற்றவருக்குத் தெரியும், தரகருக்குத் தெரியும். வாங்கியவருக்கு மட்டும் என் மேசையில் வந்துதான் தெரிகிறது. உறுதி எழுதப்பட்டுவிட்டால் வீடு கட்டலாம் என்று எண்ணுகிறார்கள். உறுதி என்பது காணி யாருடையது என்று மட்டுமே சொல்லும். அதில் என்ன கட்டலாம் என்று சொல்லாது.

ஆயினும் வாங்கியவர்களை மட்டும் கடிந்துகொள்வது நியாயமாகாது. சட்டப்படி கட்டக்கூடிய, ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்கு எட்டக்கூடிய துண்டு எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண் என்னைத் திருப்பிக் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. நம்முடைய மலையக நகர்களின் அமைப்பு அப்படி. ஹட்டனையோ தலவாக்கலையையோ எடுத்துக்கொண்டால், பிரதான வீதியும் புகையிரதப் பாதையும் செல்லும் ஒடுங்கிய இடத்தில் நகரம் நெருங்கி நிற்க, அதைச் சுற்றித் தேயிலை மலைகள் இருக்கின்றன. அந்த மலைகளில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானது. 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. குத்தகை 2045 வரை நீள்கிறது. நகரம் பக்கவாட்டில் வளர வழியில்லாததால், உள்ளே இருக்கும் துண்டு துண்டான காணிகள் தங்க விலைக்குப் போகின்றன. அந்த விலையில் ஆறு பேர்ச்சஸ் வாங்க முடியாதவர் நான்கு வாங்குகிறார். நான்கில் அனுமதி கிடைக்காததால் அனுமதி இல்லாமலே கட்டுகிறார். சனநெருக்கத்தைத் தடுக்க எழுதப்பட்ட விதி, பிளானும் வடிகானும் இல்லாத நெருக்கத்தை உருவாக்கிவிடுகிறது.

விதி என்பதால் மாற்ற முடியாது என்று உள்ளூராட்சிச் சபைகளில் சொல்வார்கள். ஆனால் 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் காலத்தில், கொழும்பின் குறைந்த வருமானக் குடியிருப்புகளுக்குச் சிறப்புத் திட்டப் பகுதி என்ற ஏற்பாட்டின் கீழ் இரண்டு பேர்ச்சஸ், அதாவது 50 சதுர மீற்றர் துண்டுகள் அனுமதிக்கப்பட்டன. அன்று அரசு முழு வீடும் கட்டிச் சாவி கொடுக்கவில்லை. காணியை ஒழுங்குபடுத்தி, சிறு கடன் கொடுத்து, மக்களையே கட்ட விட்டது. அதே வழியை ஒரு மலை நகரத்துக்காகக் கேட்டுப் பெறுவதில் நம்முடைய உறுப்பினர்களுக்கு என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

தயக்கத்தின் ஒரு காரணம் எனக்குத் தெரியும். என்னை அதிகம் எரிச்சலூட்டுவதும் அதுதான். சிறிய துண்டுகளில் வீடு கட்டுவதென்றால் பக்கச் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளே பொருந்தும். இதை ஒரு கூட்டத்தில் சொன்னதும் ஒருவர் எழுந்து, "மறுபடியும் எங்கள லயத்துக்கா அனுப்பப் பாக்கிறீங்க?" என்று கேட்டார், கைதட்டல் எழுந்தது. அந்தக் கோபத்தின் வேரை நான் அறிவேன், ஏனெனில் நானும் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசைக் குடியிருப்பின் ஓர் அறையில், பிறந்தவன். ஆனால் லயத்தில் நம்மை வதைத்தது சுவரைப் பகிர்ந்தது அல்ல. ஒரே அறைக்குள் மூன்று தலைமுறை படுத்தது வதைத்தது. பொதுக் கழிப்பறை வதைத்தது. நினைத்தபோது ஓர் ஆணி அடிக்கவும் உரிமையில்லாதிருந்தது வதைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுச்சுவர் கூரைத் தகரம்வரை எழாமல் பாதியில் நின்றதால், ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரைக்கு அடியால் ஓடி முழு லயத்தையும் எரித்தது. நான் சொல்லும் வரிசை வீட்டில் நடுச்சுவர் கூரையைத் தாண்டி மேலே எழும்பும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கூரை, தனி உறுதி, தனிக் கழிப்பறை, முன்னும் பின்னும் வாசல் இருக்கும். பத்துத் தனி வீடுகளுக்கு இருபது பக்கச் சுவர்கள் தேவை; பத்து வரிசை வீடுகளுக்குப் பதினொன்று போதும். ஒன்பது சுவர்களின் கல், சீமெந்து, கூலி, அத்திவாரம் எல்லாம் மிச்சம். பக்கத்துக்கு இரண்டடி இடைவெளி விட்டுக் கட்டிய தனி வீடுகளுக்கிடையே தேங்கும் பாசியையும் குப்பையையும் பார்த்தவர்கள் அந்த இடைவெளியைக் கௌரவம் என்று சொல்ல மாட்டார்கள்.

இனிச் செலவைப் பற்றி. வீட்டுச் செலவு என்றாலே எல்லோரும் சீமெந்து விலையைப் பேசுகிறார்கள். சமவெளியில் அது சரி. மலையில் முதலில் பணத்தை விழுங்குவது மண். இருபது பாகை சரிவில் பத்து மீற்றர் நீளத்துக்குத் தட்டையாக வெட்டினால், பின்புறத்தில் ஏறத்தாழ 3.6 மீற்றர் உயரத்துக்கு மண் செங்குத்தாக நிற்கும். அதையே ஐந்து ஐந்து மீற்றராக இரண்டு தட்டுகளாக்கி, முன்னறையைக் கீழ்த்தட்டிலும் சமையலறையைப் பின்தட்டிலும் வைத்தால், 1.8 மீற்றர் சுவர்கள் இரண்டு போதும். மண்ணின் அழுத்தம் உயரத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், பாதி உயரச் சுவர் தாங்க வேண்டியது கால் பங்குதான். (நம்முடைய கட்டட பாஸ்மார்களில் பலர் இதைக் கணக்கில்லாமலே அறிவார்கள், வீட்டுக்காரர்தான் "படி வேணாம், ஒரே மட்டமா இருக்கணும்" என்று பிடிவாதம் பிடிப்பார்.) இந்தத் தட்டுகளையும் தடுப்புச் சுவர்களையும் வடிகானையும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே செய்தால் ஒருவர் வெட்டியது மேல் வீட்டுக்காரரின் அத்திவாரத்தை அசைக்கும்; ஒருவருடைய மலசலக் குழிநீர் கீழ் வீட்டுக்காரரின் சுவரில் கசியும். நகர சபை வீடு கட்டித் தர வேண்டியதில்லை. ஒரு பாதுகாப்பான சரிவைத் தேர்ந்து, தட்டுகளை வெட்டி, வடிகானும் பாதையும் நீர்க்குழாயும் பொதுக் கழிவுத் தொட்டியும் அமைத்து, சிறு துண்டுகளாகத் தவணைக்கு விற்றால் போதும். போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பி வரும்; பிறகு சோலை வரியும் (வீடு, காணிகளுக்கான சபை வரி) வரும்.

பாதுகாப்பான சரிவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மண்ணுக்குள் போன லயங்களுக்கு முன்பே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது; போவதற்கு வேறு இடம் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் செய்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. மலிவான காணி என்று மக்களிடம் காட்டப்படுவது பெரும்பாலும் எவரும் வாங்காத ஆபத்தான காணிதான். அபாய வலய வரைபடத்தைப் பார்க்காமல் எந்தத் திட்டத்தையும் தொடங்கக்கூடாது.

சிறு காரியங்களும் உண்டு. இரண்டறை, மூன்றறை மாதிரி வரைபடங்களைச் சபையே அங்கீகரித்து வைத்துக் குறைந்த கட்டணத்தில் கொடுக்கலாம். எனக்கு வருமானம் குறையும், பரவாயில்லை. ஓர் அறையும் கழிப்பறையும் முடிந்தவுடன் குடிபுக அனுமதித்து, மீதியைப் பிறகு கட்ட விடலாம். விலை ஏறட்டும் என்று நகர நடுவில் புல் முளைக்க விட்டிருக்கும் காணிகளுக்கு வரி விதிக்கும் அதிகாரம் உள்ளூராட்சிச் சட்டங்களிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்த மனம்தான் வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் வீட்டுத் திட்டம் இருக்கும்போது நகரத்தில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். அந்தத் திட்டங்கள் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு உரியவை, அவை தொடரட்டும். ஆனால் கடைகளிலும் பாடசாலைகளிலும் வங்கிகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் இப்போது நகரத்துக்கு உரியவர்கள். மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை ஓர் அனெக்ஸ் வாடகைக்குக் கொடுப்பவர்கள்.

காணி தேடுபவர்களுக்கு: முற்பணம் கொடுப்பதற்கு முன் நில அளவைப் படத்தின் பிரதியோடு சபையின் திட்டமிடல் பிரிவுக்குச் செல்லுங்கள். அந்தத் துண்டு பிரிப்புக்கு அனுமதி பெற்றதா, பாதை யாருடையது என்று கேளுங்கள். மழை நாளில் ஒருமுறை காணியைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே ஓடுகிறது, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். "பிறகு பாத்துக்கலாம்" என்று சொல்லும் தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பிளான் கீறுபவரிடமும் காணி வாங்குவதற்கு முன்பே வாருங்கள். பார்த்துச் சொல்வதற்கு நான் பணம் வாங்குவதில்லை.

2025 மே மாதத் தேர்தலில் வென்று வந்திருக்கும் உறுப்பினர்களிடம் பணிவாகக் கேட்பது இதுதான்: அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் வீடமைப்பு என்ற தலைப்பின் கீழ் ஒரு சரிவு, ஒரு தடுப்புச் சுவர், ஒரு வடிகான், இருபது துண்டுகள் என்று எழுதுங்கள். வரைபடத்தையும் மதிப்பீட்டையும் நான் தயார் செய்து தருகிறேன்.