சுவரோவியம், சுவரெழுத்து: மியூரலும் கிராஃபிட்டியும்

மியூரல் என்ற சொல்லைத் தமிழாக்குவதில் யாருக்கும் தடுமாற்றம் இல்லை. சுவரோவியம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். சுவர்களில் கீறியும் எழுதியும் வைப்பதைக் குறிக்கும் கிராஃபிட்டி வந்ததும் கை நின்றுவிடுகிறது. சிலர் ‘சுவர்க் கிறுக்கல்’ என்கிறார்கள், சிலர் அதையும் சுவரோவியம் என்றே எழுதிவிடுகிறார்கள், மற்றவர்கள் ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ‘கிறுக்கல்’ என்பதை எங்கே பார்த்தாலும் எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஏன் என்று சொல்ல இரண்டு சொற்களின் பிறப்பையும் பார்க்க வேண்டும்.

மியூரலின் வேர் லத்தீனில் ‘மூருஸ்’. அது வீட்டுச் சுவர் அல்ல, ஊரைச் சுற்றி நிற்கும் மதில். வீட்டுச் சுவருக்கு லத்தீனில் ‘பாரியேஸ்’ என்று வேறு சொல் இருந்தது. நாம் சுவர் வேறு, மதில் வேறு என்று பிரிப்பது போலத்தான். எதிரியின் மதிலில் முதலில் ஏறிய வீரனுக்கு ரோமானியர் ஒரு பொன்முடி சூட்டினார்கள். அதன் பெயர் ‘கொரோனா மூராலிஸ்’, அதாவது மதில் முடி. வேரை மட்டும் பார்த்தால் மியூரலுக்கு ‘மதிலோவியம்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சொல் வளர்ந்த இடம் போர்க்களம் அல்ல. மெக்சிகோவில் புரட்சி ஓய்ந்த பிறகு, 1920களில், கல்வி அமைச்சராக இருந்த ஹோசே வாஸ்கான்செலோஸ் அரசுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார். தியேகோ ரிவேரா, ஹோசே கிளெமென்டே ஒரோஸ்கோ, தாவித் அல்ஃபாரோ சிக்கேய்ரோஸ் மூவரும் படிக்கத் தெரியாத மக்களும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நாட்டின் வரலாற்றைச் சுவர்களில் தீட்டினார்கள். ‘முராலிஸ்மோ’ என்ற இயக்கப் பெயர் அங்கிருந்து வந்தது. இன்று மியூரல் என்றதும் பெரிய சுவரும் பொதுமக்களும் சேர்ந்தே நினைவுக்கு வருவதற்கு அவர்கள்தான் காரணம்.

இடையில் ஒரு திருத்தம். ஃப்ரெஸ்கோவும் மியூரலும் ஒன்றல்ல. ஃப்ரெஸ்கோ இத்தாலியச் சொல், ‘புதியது, ஈரம் உலராதது’ என்று பொருள். சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணம் பூசினால், சாந்து காற்றோடு சேர்ந்து இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். அது ஒரு செய்முறையின் பெயர். எல்லா ஃப்ரெஸ்கோவும் சுவரோவியம், எல்லாச் சுவரோவியமும் ஃப்ரெஸ்கோ ஆகாது.

சுவரோவியம் புதிதாகக் கோத்த கூட்டுச் சொல்தான். ஆனால் அதன் இரண்டு பாதிகளும் ஏற்கெனவே ஒரே அடியில் சந்தித்திருக்கின்றன. பதிற்றுப்பத்தில் கபிலர் பாடுகிறார்:

ஓவுறழ் நெடுஞ்சுவர் நாள்பல எழுதிச்
செவ்விரல் சிவந்த…

போருக்குப் போன கணவன் எப்போது வருவான் என்று வீட்டிலிருக்கும் பெண் நாளுக்கொரு கோடாகச் சுவரில் இழுக்கிறாள். இழுத்து இழுத்து விரல் சிவந்துவிட்டது. அந்தச் சுவர் ‘ஓவுறழ்’ சுவர், ஓவியத்தை ஒத்த சுவர். ‘ஓவு’தான் ஓவம் ஆகி, ஓவியம் ஆன சொல்லின் பழைய வடிவம். ‘சித்திரம்’ வடசொல் என்று சிலர் தள்ளுவார்கள். எனக்கு அந்தப் பிணக்கு இல்லை. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் பாட்டிமார் வாயில் பழகிய சொல் அது. மலையாளத்தில் இன்றும் ‘சுமர்ச் சித்திரம்’தான். சுவர்ச் சித்திரம் என்று எழுதினாலும் பிழையில்லை.

அந்த அடியில் வரும் வினையைக் கவனியுங்கள். எழுதி. அவள் எழுத்தும் எழுதவில்லை, ஓவியமும் தீட்டவில்லை, வெறும் கோடு இழுத்தாள். அதற்கும் ‘எழுது’தான். இந்த ஒரு வினையில்தான் கிராஃபிட்டிக்கான விடை இருக்கிறது.

கிராஃபிட்டி இத்தாலியப் பன்மை, ஒருமை ‘கிராஃபித்தோ’. கீறுதல் என்ற பொருளில் பிறந்தது. அதற்கும் பின்னால் ‘கிராஃபெயின்’ என்ற கிரேக்க வினை நிற்கிறது. முதலில் கீறு, பிறகு எழுது, வரை என்று அதன் பொருள் விரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் பாம்பெய் என்ற பழைய ரோமானிய நகரை அகழ்ந்தவர்கள், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த சுவர்களில் பொதுமக்கள் கீறிவைத்தவற்றுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். காதல், வசை, தேர்தல் ஆதரவு, கடன் கணக்கு எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒன்று மட்டும் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. “சுவரே, இத்தனை பேர் எழுதிய சலிப்பையெல்லாம் சுமந்துகொண்டு நீ இன்னும் இடிந்து விழாமல் நிற்கிறாயே, அதுதான் வியப்பு.” அதைச் சொன்னவரும் சுவரில்தான் கீறிச் சொல்லியிருக்கிறார்.

தொல்லியலில் இந்தச் சொல்லுக்குத் தமிழ் ஏற்கெனவே பழகிவிட்டது. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளில் இருப்பவற்றைக் கீறல்கள், குறியீடுகள் என்கிறோம். ஆங்கிலத்தில் அவையும் கிராஃபிட்டிதான். அங்கே ‘கிறுக்கல்’ என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாயிரம் ஆண்டு பழையது என்றால் கீறல், நேற்று இரவு வந்தது என்றால் கிறுக்கல்! கிறுக்கு என்றால் பித்து. அந்தச் சொல்லைப் போட்ட கணமே, படைப்பைப் பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் ஃபிலடெல்ஃபியாவிலும் நியூயார்க்கிலும் கிராஃபிட்டி புதுப்பிறவி எடுத்தது. ‘டாக்கி 183’ என்ற கையெழுத்தை நகரமெங்கும் போட்ட இளைஞனைப் பற்றி 1971இல் நியூயார்க் டைம்ஸ் செய்தி எழுதியது. டாக்கி என்பது அவனுடைய செல்லப் பெயர், 183 அவன் குடியிருந்த தெருவின் எண். அந்தக் காலத்துப் பிள்ளைகள் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ‘ரைட்டர்’ என்றுதான் சொன்னார்கள், இன்றும் அந்த வட்டத்தில் அதுதான் பெயர். ரயில் பெட்டி நிறைய வண்ணம் நிரப்பி, எழுத்தை வளைத்து முறுக்கி, படிக்கவே முடியாத அழகில் நிறுத்தினாலும் அவர்கள் செய்தது தங்கள் பெயரை எழுதுவது.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள எந்தச் சிரமமும் இல்லை. கண்ணுக்கு மை எழுதுகிறோம். ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்’ என்று குறளே சொல்கிறது. கேரளத்தில் வண்ணப் பொடிகளால் தரையில் தெய்வ உருவம் வரைவது களமெழுத்து. திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் இரதியும் காமனும், பூனையாக வந்த இந்திரனும் தீட்டப்பட்டிருந்ததைப் பரிபாடல் பாடும்போது அந்த இடத்தை ‘எழுத்துநிலை மண்டபம்’ என்கிறது. இது யார், அது யார் என்று வந்தவர்கள் சுட்டிக் கேட்க, தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோயிலுக்கு வந்த கூட்டம் படத்தின் முன் நின்று பேசுகிறது.

ஆகவே கிராஃபிட்டிக்கு என் தேர்வு ‘சுவரெழுத்து’. கட்சி விளம்பரத்துக்கும் அதைத்தானே சொல்கிறோம் என்று கேட்பார்கள். சொல்கிறோம், அதனால் என்ன? பாம்பெய்ச் சுவர்களிலும் வேட்பாளர் பெயர்கள் இருந்தன. ஊர் ஊராகப் போய்ப் பெரியாரின் கருத்துகளைச் சுவர்களில் எழுதிய தொண்டரை நாடு ‘சுவரெழுத்து சுப்பையா’ என்றே அறிந்தது. தூரிகை பிடித்த கைக்கு மரியாதை தந்த சொல் அது. அந்த மரியாதை கிறுக்கலில் இல்லை.

இரண்டு சொல்லுக்கும் இடையிலுள்ள கோடு இசைவு என்பார்கள். கேட்டு வரைந்தால் சுவரோவியம், கேளாமல் எழுதினால் சுவரெழுத்து. இது பாதி உண்மை. ஃபிலடெல்ஃபியா மாநகராட்சி 1984இல் சுவரெழுத்தை ஒழிக்க ஒரு திட்டம் தொடங்கியது. அதில் பணிக்கு வந்த ஓவியர் ஜேன் கோல்டன், பிடிபட்ட பிள்ளைகளிடமே தூரிகையைக் கொடுத்தார். ஒழிக்க வந்த திட்டம் நகரத்தின் சுவரோவியத் திட்டமாக மாறி ஆயிரக்கணக்கான சுவர்களை நிறைத்தது. எதிர்ப்பக்கமும் உண்டு. 1932இல் லாஸ் ஏஞ்சலஸில் சிக்கேய்ரோஸ் இசைவோடு கிடைத்த சுவரில்தான் ‘அமெரிக்கா த்ரோப்பிக்கால்’ வரைந்தார். கழுகின் கீழே சிலுவையில் அறையப்பட்ட பூர்வகுடி மனிதனைக் கண்டதும் இசைவு காற்றில் போயிற்று. தெருவுக்குத் தெரிந்த பகுதிக்குச் சீக்கிரமே வெள்ளையடித்தார்கள், சில ஆண்டுகளில் முழுவதற்கும். பிறகு அந்த வெள்ளை தானாக உதிரத் தொடங்கியது. பாதுகாப்புப் பணிகள் முடிந்து 2012இல் மக்கள் மீண்டும் பார்த்தார்கள், மங்கிப்போன வடிவில்.

‘ஸ்ட்ரீட் ஆர்ட்’ என்பதற்குத் தெருக்கலை என்று போடாதீர்கள். நம் காதில் அது தெருக்கூத்துக்கும் வீதி நாடகத்துக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வீதியோவியம் தெளிவாக இருக்கிறது, கொஞ்சம் குறைபடவும் செய்கிறது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில், ஆர்மீனியன் தெருச் சுவரில், லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஜகாரெவிச் 2012இல் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ஓட்டும் ஒரு சிறுமி, பின்னால் அவளைக் கட்டிக்கொண்டிருக்கும் தம்பி. பிள்ளைகள் வண்ணத்தில் வரைந்தவர்கள். சைக்கிள் வரைந்தது அல்ல, சுவரோடு பொருத்திய உண்மையான பழைய சைக்கிள். வருகிறவர்கள் தாங்களும் அதைப் பிடித்துக்கொண்டு படமெடுக்கிறார்கள். ஓவியம் என்ற சொல் அந்தக் கைப்பிடியைத் தாண்டிப் போகவில்லை. ஆனாலும் இதைவிட நல்ல சொல் இப்போது கையில் இல்லை.

காகிதத்தில் அச்சிட்டுப் பசை தடவி ஒட்டும் வகைக்கு மட்டும் நாம் எதையும் தேட வேண்டாம். பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர் எளிய மக்களின் முகங்களை மாடி உயரத்துக்குப் பெரிதாக்கி ஒட்டுவதும் சுவரொட்டிதான். மாவுப் பசை வாளியோடு நள்ளிரவில் இறங்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அவர் வேலை உடனே விளங்கும்.

இனி விழா. நார்வேயின் ஸ்தவாங்கரில் 2001இல் தொடங்கிய நுவார்ட், பிரிஸ்டலில் 2008இல் தொடங்கிய அப்ஃபெஸ்ட், மான்ட்ரியாலின் சென்-லொரான் பெருவீதியில் 2013 முதல் மியூரல் என்ற பெயரிலேயே நடப்பது ஆகியவற்றைச் ‘சுவரோவிய விழா’ என்றால் போதும். திருவிழா என்பதற்குத் தேரும் சாமியும் வேண்டும் என்று நினைக்கிறேன், இதில் மற்றவர்கள் மாறுபடலாம். சென்னையில் 2020இல் கண்ணகி நகர் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் பெரிய முகங்கள் எழுந்ததும் இந்த வரிசையில் வருவதுதான். நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவிடப்பட்டவர்களின் ஊர் அது.

விழா நாட்களில் அஞ்சாறு மாடிச் சுவரை ஓர் ஓவியர் ஒரு வாரத்தில் முடிப்பது எப்படி என்று பார்த்தால் சொல்லுக்கும் பயன் இருக்கிறது. பழைய முறை சதுரக் கட்டம் போடுவது, நம் பேனர் ஓவியர்கள் செய்ததே. இப்போது பலர் கட்டம் போடுவதில்லை. தூக்கியில் ஏறி, வெற்றுச் சுவர் முழுக்க மனம்போன எழுத்துகள், சுழிகள், பெருக்கல் குறிகள், நண்பர்களின் பெயர்கள் என்று எதையாவது போட்டு நிரப்புகிறார்கள். கீழே இறங்கி, எதிர்ப்புறம் நின்று அதைப் படமெடுத்து, கைபேசித் திரையில் தங்கள் மூல வரைபடத்தை அதன்மேல் மெல்லியதாகப் படரவிடுகிறார்கள். மீண்டும் மேலே போனால் கண்ணுக்கு எட்டியது இரண்டு முழச் சுவர்தான். ஆனால் இடது கண்ணின் ஓரம் அந்த ‘க’வின் கொக்கியில் தொடங்குகிறது, மூக்கு இந்தச் சுழிக்குக் கீழே என்று கையிலிருக்கும் படம் காட்டிவிடுகிறது. மூன்றாம் நாளுக்குள் முகம் வந்துவிடும். அடியில் இருக்கும் எழுத்தெல்லாம் வண்ணத்துக்குள் போய்விடும்.