டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும் முன் பாயின்ட்டைப் பாருங்கள்

பழைய காரில் பிக்கப் குறைந்து எஞ்சின் சூடேறினால், பலரும் முதலில் டிஸ்ட்ரிபியூட்டரை (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) தளர்த்தித் திருப்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் வண்டி நன்றாக ஓடும். பிறகு அதே தொல்லை. கோளாறு பெரும்பாலும் அதற்குள் திறந்து மூடி, திறக்கும்போது பொறியை உண்டாக்கும் காண்டாக்ட் பாயின்ட்டில்தான் இருக்கும்.

உள்ளே சுழலும் கேம் (மேடுகள் உள்ள தண்டுப் பகுதி) மீது உரசும் பாயின்ட்டின் குதி தேயத் தேய, பாயின்ட் இடைவெளி சுருங்கும். சுருங்கினால் பாயின்ட் தாமதித்துத் திறக்கும், பொறியும் பிந்தும். டைமிங் (பொறி விழும் நேரம்) வைத்த பிறகு இடைவெளியைத் தொட்டால் வைத்த டைமிங் போய்விடும். ஆகவே இடைவெளிதான் முதல் வேலை. பல நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் அது 0.4 மி.மீ. அளவில் இருக்கும், சரியான எண்ணை மேனுவலில் பாருங்கள். பாயின்ட் முகத்தில் மேடும் குழியும் விழுந்திருந்தால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் பொய் சொல்லும். புதுசு போடுவதே நல்லது.

அடுத்து டைமிங் லைட்; பொறி விழும்போதெல்லாம் மின்னி, கிராங்க் புல்லியில் உள்ள டைமிங் குறியைக் காட்டும் விளக்கு அது. முதல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டுங்கள். மேனுவல் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் ஹோஸை (எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை மாற்றும் குழாய்) கழற்றி முனையை அடைத்துவிடுங்கள். ஐடிலிங் வேகம் மேனுவல் சொன்ன அளவுக்கு மேல் இருந்தால், வேகத்துக்கு ஏற்பப் பொறியை முந்தவைக்கும் எடைகள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விரியத் தொடங்கிவிடும். அந்த நிலையில் வைத்த டைமிங் நிஜத்தில் பிந்தியதாகவே இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை, அதன் ரோட்டர் (உள்ளே சுழலும் கை) சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும். டிஸ்ட்ரிபியூட்டரில் 1 டிகிரி என்றால் கிராங்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 2 டிகிரி; மயிரிழை நகர்த்தினாலே போதும். லைட் வெளிச்சத்தில் ஃபேன் நிற்பதுபோலத் தெரியும், கையை நீட்டிவிடாதீர்கள்.

புல்லியில் உள்ள குறி என்ன செய்கிறது என்பதையும் கவனியுங்கள். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தும் நகராவிட்டால் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஐடிலிங்கில் அங்குமிங்கும் துள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கலாம் (ரோட்டரைப் பக்கவாட்டில் ஆட்டினால் தெரியும்), அல்லது டைமிங் செயின் தொய்ந்திருக்கலாம். வேக்குவம் ஹோஸை வாயால் உறிஞ்சினால் உள்ளே பிளேட் நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிளேட்டை இழுக்கும் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது. மைலேஜ் விழ அது ஒன்றே போதும்.

ரப்பர் வளையம் வைத்த புல்லியில் வெளி வளையம் வழுக்கி, குறியே இடம் மாறியிருப்பதும் உண்டு. எல்லாம் சரியாகச் செய்தும் வண்டி சரியாகவில்லை என்றால், முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தோடு குறி பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கடைசியில் டாப் கியரில் மேடேற்றிப் பாருங்கள். நாக்கிங் சத்தம் வந்தாலோ, சூடான எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் முட்டி நின்றாலோ கிராங்கில் 2 டிகிரி பின்னுக்கு வையுங்கள். நாக்கிங்கோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டனே ஓட்டையாகலாம்.